இருநூற்றுப் பதினேழு

ஊபி தொழிற்பேட்டை, ஐந்தாம் மாடி,
சரக்கு மின்தூக்கிக்கு எதிரே எங்கள் கதவு.
ஈரமுறிஞ்சி இரைந்துகொண்டே இருக்கும்.
காற்றை ஐம்பத்தைந்து விழுக்காட்டில் நிறுத்திய பிறகுதான்
மேப்பிள் பலகையைத் தொடலாம்.
வெளியே மழை.
கதவைத் திறந்துபோட்டால் மரம் குடிக்கும்,
குடித்த மரம் சொன்ன அளவில் நிற்காது.

பழைய பாலம் மேசையில் கிடக்கிறது.
இரவில் குளிர்சாதனம், பகலில் புழுக்கம் என்று
இருபத்தாறு வருடம்.
துளைக்குத் துளை விரிசல் ஓடி
வெந்த பனங்கிழங்காய்ப் பிளந்திருக்கிறது.
ஊசிகளை விரலாலேயே உருவினேன்.
ஊசி தளர்ந்தால்
ஒற்றைக் கம்பி இரண்டு குரலில் பேசும்.
பியானோவுக்குள் பேய் புகுந்துவிட்டது என்றார்
சொந்தக்காரர் திருமதி குவெக்.
பேயின் அகலம் கால் மில்லிமீட்டர்.

பழைய துளைகளின் மேல் மெல்லிய தாள் விரித்துப்
பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தேன்.
நானூற்றுச் சொச்சம் புள்ளிகள் எழுந்து வந்தன.
கோலம் மாதிரி என்று யாராவது சொல்வார்கள்.
எனக்கு அது
உட்லண்ட்ஸில் பதினோரு ஆண்டு பார்த்த
மின்சுற்று அட்டை.
அங்கே துளை போட்டது கணினி,
நான் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஆலை பாத்தாமுக்குப் போனபோது
விளக்கையும் கழற்றிக்கொண்டு போனார்கள்.

இங்கே முதலில் புள்ளிக்குத்தியால் ஒரு தட்டு.
அந்தச் சின்னக் குழி இல்லாவிட்டால்
துளைமுனை வழுக்கி
மரத்தின் வரி கூப்பிட்ட பக்கம் போய்விடும்.
பிறகு சாய்வு:
முன்வரிசை இந்தப் பக்கம், பின்வரிசை அந்தப் பக்கம்,
இருபது பாகை.
கம்பி இரண்டு ஊசிக்கும் நடுவே நெளிந்து நுழைந்து
வெளியேற வழியில்லாமல்
பாலத்தை அழுத்திக்கொண்டு கிடக்க வேண்டும்.
துளை, ஊசியைவிட ஒரு மயிரளவு சின்னது.
ரொம்பச் சின்னதானால் மரம் வெடிக்கும்.
பெரிதானால் மறுபடி பேய்.

இம்மி பிசகாமல் என்கிறோம்.
இம்மியை யாரும் எனக்குக் காட்டியதில்லை.
துளைமுனைகள் ஒன்று புள்ளி எட்டு எட்டிலும்
ஒன்று புள்ளி ஒன்பதிலும் விற்கின்றன.
நடுவே எங்கோ அது இருக்க வேண்டும்.

மாலை நான்கு பத்து. இருநூற்றுப் பதினேழு.
கீழே சிமெண்ட் லாரி பின்வாங்கியதா,
உள்ளங்கையில் வியர்வையா, தெரியாது.
முனை இறங்கிய சத்தத்திலேயே தெரிந்துவிட்டது.
பூதக்கண்ணாடி பிறகு ஒப்புக்கொண்டது:
கோட்டுக்கு அப்பால், அரை மில்லிமீட்டர்.

அடுத்த மேசையில்
சுத்தியல் கம்பளியை ஊசியால் குத்தி
மென்மையாக்கிக்கொண்டிருந்த ஹஸ்னா
எட்டிப் பார்த்தாள்.
"யாருக்குக் கேட்கப்போகிறது?"
நியாயமான கேள்வி.
அந்த ஸ்வரத்துக்கு மூன்று கம்பிகள்.
இரண்டு ஒழுங்காகப் பாடினால்
மூன்றாவது வாயை மட்டும் அசைத்துவிட்டுப் போகலாம்.
பள்ளிச் சேர்ந்திசையில் நானே அப்படித்தான்.

வண்டு அளந்தா துளைத்தது மூங்கிலை?
காற்று ஒன்றும் குறை சொல்லவில்லையே.
ஆனால் காற்றை யாரும் முறுக்கிக் கட்டுவதில்லை.
இந்தக் கம்பி எழுபது கிலோ இழுவையோடு
இரவும் பகலும் நிற்கப்போகிறது.
சாய்ந்துகொள்ள அதற்கு மரத்தில் ஓரிடம்தான்.

மேப்பிள் குச்சி சீவினேன்.
வரிக்கு வரி பார்த்துத் திருப்பி,
பசை தடவி, அறைந்தேன்.
காயப் பன்னிரண்டு மணி நேரம்.
மற்றத் துளைகளுக்குப் போயிருக்கலாம்.
கை அதையே நினைத்துக்கொண்டிருந்தது, போகவில்லை.

பேருந்தில் முன்னிருக்கைப் பெண்ணின்
காதுத் துளைகள் இரண்டும்
ஒரே உயரத்தில் இல்லை என்று கவனித்தேன்.
நன்றாகத்தான் இருந்தது.

காலையில் அடைப்பைச் சீவி மட்டமாக்கி
மறுபடி குத்தி,
மூச்சை வெளியே விட்டு
உள்ளே இழுப்பதற்குள் இறக்கினேன்.
சுருண்டு வந்த தூளில்
எது பலகை, எது அடைப்பு என்று சொல்ல முடியவில்லை.
மேலே பென்சில் கரியைப் பூசினேன்.

ஹஸ்னா கோப்பி ஓ கொண்டுவந்து வைத்துவிட்டுக்
குனிந்து தேடினாள்.
எங்கே அது?
கிடைக்காததில் அவளுக்குக் கொஞ்சம் கோபம்.
நான் காட்டவில்லை.

இருநூற்றுப் பதினெட்டு.